டாப் கழற்றிய பிளசர்

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் காரைக் கார் என்று சொல்ல மாட்டார்கள். பிளசர் என்பார்கள். வாடகைக்கு ஓடினால் வாடகைப் பிளசர். ‘பிளஷர் கார்’ என்று துரைமார் சொன்னதில் பின்பாதியை உதிர்த்துவிட்டு முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கார் என்ற சொல்லுக்குத் தாமிரபரணிக் கரையில் ஏற்கெனவே வேறு வேலை இருந்தது. தென்மேற்குப் பருவத்துத் தண்ணீரில் நடுவது கார், ஐப்பசி மழையில் நடுவது பிசானம். “இந்த வருஷம் கார் எப்படி வே?” என்று கேட்டால் மகசூலைத்தான் சொல்வார்கள், மைலேஜை இல்லை.

நான் பிளசர் தொழிலில் பிறந்தவன். திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் பக்கம் சிந்துபூந்துறையில் எங்கள் வீடு. 1951 முதல் 1992 வரை எங்களிடம் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வண்டிகள் இருந்தன. இரண்டுக்கும் கூரை கிடையாது. இரண்டும் கல்யாண ஊர்வலத்துக்கென்றே வைத்திருந்தவை. ஓப்பன் கார் என்றால் இன்றைய பையன்களுக்குக் கடலோரச் சாலையில் பறக்கும் ஸ்போர்ட்ஸ் கார்தான் ஞாபகம் வருகிறது. எங்கள் வண்டி பறந்ததில்லை. நாதஸ்வரக்காரர் எந்த வேகத்தில் நடக்கிறாரோ அதுதான் அதன் வேகம்.

ஆரம்பத்தில் எல்லாக் காரும் ஓப்பன் கார்தான். சாரட்டு செய்தவர்கள்தான் கார் உடம்பும் செய்தார்கள். சென்னை சிம்சன் கம்பெனியையே எடுத்துக்கொள்ளுங்கள்: 1840-ல் குதிரைக் கோச்சு கட்ட ஆரம்பித்தவர்கள், 1903-ல் நீராவிக் கார் ஒன்றைச் செய்து தெருவில் விட்டார்கள். சாரட்டுக்கு மடக்குத் துணிக் கூரை போட்ட கைகள் காருக்கும் அதையே போட்டன. 1920களின் பிற்பாதியில் அமெரிக்காவில் மூடிய உடம்புக் கார்கள் மலிந்த பிறகு, ஓப்பன் கார் வேண்டும் என்று கேட்பவர் உல்லாசப் பேர்வழியாக இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. வேகமும் காற்றும் அவருடைய சங்கதி. நம் ஊரில் ஓப்பன் கார் வேறு வழி போனது. அது பல்லக்கின் இடத்தில் போய் உட்கார்ந்தது.

ஜானவாசம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைப் பிள்ளையார் கோவிலில் இருந்து மண்டபத்துக்கு ஊர்வலமாக அழைத்து வருவது. கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் அக்ரஹாரங்களில் இது இல்லாமல் கல்யாணம் இல்லை. ஊரார் மாப்பிள்ளையைக் கண்ணாரப் பார்த்துக்கொள்ளட்டும், ஏதாவது சொல்ல இருந்தால் தாலி ஏறும் முன்னே சொல்லட்டும் என்பதற்கு ஏற்பட்ட வழக்கம் என்பார்கள். மாப்பிள்ளை தெரிய வேண்டும்; கூரை இருந்தால் தெரியமாட்டார். கணக்கு அவ்வளவுதான். மற்றச் சாதிக்காரர்கள் இதையே மாப்பிள்ளை அழைப்பு என்றார்கள். மேலப்பாளையத்தில் முஸ்லிம்கள் ராத்திரி பைத்து பாடிக்கொண்டு மாப்பிள்ளையைச் சுற்றி வருவார்கள். பாளையங்கோட்டையில் கிறிஸ்தவர்கள் கோவிலில் மோதிரம் மாற்றியதும் ஜோடியாக ஏறுவார்கள். எங்கள் அப்பா மூன்று வேதக்காரர் கல்யாணத்திலும் ஓட்டியிருக்கிறார். மூன்றிலும் கார் ஒரே மாதிரித்தான் சூடேறியது.

இந்த ஜில்லாவுக்கும் மோட்டாருக்கும் பழைய உறவு. தென்னாட்டுக்குப் பஸ் காட்டிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் நம் திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்தவர். அவர் தொழில் மதுரையில் வேர் பிடித்தது. எங்கள் அப்பா அந்த மாதிரிப் பெரிய கணக்கில் வருகிறவர் இல்லை. பாபநாசம் பக்கம் ஒரு வெள்ளைக்காரரிடம் டிரைவராக இருந்தார். அவர் சீமைக்குத் திரும்பி, வண்டி இரண்டு கை மாறிய பிறகு அப்பா அதைக் கடன் வாங்கி எடுத்தார். ஓப்பன் செவர்லே, ஆறு சிலிண்டர். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் ஆலை போட்டு இந்த வண்டிகளை இங்கேயே பூட்டி விற்றது. 1954-ல் கடையைக் கட்டிவிட்டது. அரசாங்கம் உள்நாட்டில் உதிரிபாகம் செய்பவனுக்குத்தான் இடம் என்று சொல்லிவிட்டதால் வந்த வினை. அதற்கப்புறம் அந்த செவர்லேவுக்கு ஒரு கேஸ்கட் வேண்டும் என்றாலும் அப்பா தகரம் வெட்டிச் செய்ய வேண்டும். பேட்டரி ஆறு வோல்ட். அது காலையில் பெருமூச்சு விடும், கிளம்பாது. ஹேண்டில் அடித்து அடித்து அப்பாவின் வலது தோள் இடதை விட ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

1971-ல் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு ஒரு ஹெரால்ட் வாங்கினார். இந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் நின்றுதான் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு இந்தியாவில் கார் என்றால் மூன்றுதான்: கல்கத்தா அம்பாசடர், பம்பாய் பியட், நம் சென்னை ஸ்டாண்டர்டு. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை 1961-ல் ஹெரால்ட் செய்யத் தொடங்கியது. இங்கிலாந்தில் டிரையம்ஃப் கம்பெனி 1959-ல் விட்ட வண்டி. வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். எஞ்சின் 948 சி.சி. மற்றக் கார்களெல்லாம் சேஸிஸும் உடம்பும் ஒன்றாக ஒட்டிய பாத்திரமாக மாறிவிட்ட காலத்தில், இது மட்டும் தனிச் சேஸிஸ் மேல் உடம்பைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கிய வண்டி. முன்பக்கம் பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டு. முதலை வாய் மாதிரி முன்னால் கவிழ்ந்து திறக்கும். கூரையும் ஒரு தனித் துண்டு. போல்டைக் கழற்றினால் நான்கு பேர் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். அதற்காகவே அப்பா அதை வாங்கினார். செவர்லேயின் துணி ஹூட் காலத்தோடு மக்கியது போல இது மக்காது என்பது அவர் எண்ணம்.

இன்னொரு விஷயம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இதே ஹெரால்ட் சேஸிஸைக் குட்டையாக்கி, அதே மிக்கெலோட்டியைக் கொண்டு இரண்டு பேர் உட்காரும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்து 1962-ல் விற்றார்கள். பெயர் ஸ்பிட்ஃபயர். உலகமெல்லாம் பணக்காரப் பையன்கள் மடக்குக் கூரையை இறக்கிவிட்டு அதில் பறந்தார்கள். ஆக எங்கள் கல்யாண வண்டி ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் சொந்த அண்ணன். அண்ணன் திருநெல்வேலியில் பூமாலையோடு ஊர்ந்துகொண்டிருந்தான். ஒரு தடவை சென்னைப் புதுப்பேட்டைக்குப் பழைய உதிரிச் சாமான் வாங்கப் போனவன், அப்படியே சோழவரம் பழைய விமானத்தளத்தில் நடந்த பந்தயத்தையும் எட்டிப் பார்த்தேன். அங்கே ஹெரால்டும் ஓடியது. ஊருக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். “ஓடட்டும்ல, ரேடியேட்டருக்குக் காத்து கிடைக்கும்” என்றார்.

அவர் சொன்னதில்தான் எங்கள் தொழிலின் வலி முழுதும் இருக்கிறது. எஞ்சினை ஓடுவதற்காகச் செய்திருக்கிறான். ஓடினால் காற்று அடித்து ரேடியேட்டர் குளிரும். டைனமோ சுற்றி பேட்டரி ஏறும். கிளச் முழுதாகக் கவ்வும். ஊர்வலத்தில் மூன்றும் நடக்காது. முதல் கியரில், ஹாஃப் கிளச்சில், இரண்டு மணி நேரம். விசிறி மெதுவாகச் சுற்றும், தண்ணீர் கொதிக்கும். டைனமோ ஒன்றும் தராது. மாப்பிள்ளை முகத்துக்குப் போட்ட பல்புகள் பேட்டரியை உறிஞ்சும். கிளச் பிளேட் கருகும் வாசனை மல்லிகைப்பூ வாசனைக்குள் நுழையும். பெட்ரோலை இழுக்கும் ஏ.சி. பம்ப் சூடாகி பெட்ரோல் உள்ளேயே ஆவியானால் வண்டி செருமி நிற்கும். அதற்கு ஈரத்துணியைச் சுற்றி வைப்போம். நாற்பது மைல் வேகத்தில் சென்னை வரை போய் வந்தாலும் அந்த ஹெரால்டுக்கு ஒன்றும் ஆகாது. நாலு தெரு ஜானவாசம் அதைக் கொன்றுவிடும்.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு ஆவணி மாதம். எனக்குப் பதினேழு வயதிருக்கும். பூக்காரர் அன்று கலையுணர்ச்சி மிகுந்து பானெட் முழுக்க சரம் பின்னி, மட்கார்டு வழியாகக் கதவு வரை ஒரே வலையாகக் கட்டிவிட்டார். இரண்டாவது தெரு முக்கில் ஆவி கிளம்பியது. பானெட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் முன்பக்கம் முழுதும் கவிழும். பூவலை அறுந்துதான் ஆக வேண்டும். அப்பா இறங்கிப் போய் நாதஸ்வரக்காரரிடம் காதோடு ஏதோ சொன்னார். அந்தக் கலைஞர் பெரிய மனுஷர். தலையை ஆட்டிவிட்டு முக்கிலேயே நின்று தோடியை எடுத்தார். சபை அவர் பக்கம் திரும்பியது. காருகுறிச்சி அருணாசலம் இறந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை. ஆற்றின் இந்தக் கரையில் நாதஸ்வரம் கேட்டால் காலை நகர்த்தாமல் நின்று கேட்கிற பழக்கம் அப்போது ஊருக்கே இருந்தது. அந்த ஆலாபனை முடியும் முன் நான் பிளேடால் சரத்தை அறுத்தேன், பானெட்டைக் கவிழ்த்தேன், அப்பா சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார். வெந்நீர் சீறி என் முழங்கையில் பட்டது. தகரக் குடத்தில் கொண்டு வந்திருந்த ஆற்றுத் தண்ணீரை ஊற்றி மூடினோம். மாப்பிள்ளையின் மாமா மட்டும் திரும்பிப் பார்த்து, “ஓய், என்ன காருக்கே ஆரத்தியா?” என்றார். தழும்பு இன்னும் இருக்கிறது.

இத்தனைக்கும் ஹெரால்டுக்கு ஒரு வித்தை உண்டு. அதன் முன்சக்கரம் அநியாயத்துக்கு ஒடியும். இருபத்தைந்து அடி விட்டத்துக்குள் முழு வட்டம் போட்டுவிடும். அம்பாசடர்க்காரன் மூன்று தடவை ரிவர்ஸ் போடும் தேரடி முக்கில் எங்கள் வண்டி ஒரே வீச்சில் திரும்பும். மாப்பிள்ளை சீட்டில் உட்காராமல் சீட்டின் முதுகில் ஏறி உட்கார்ந்திருப்பார், காலடியில் ஊர்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அடைந்திருப்பார்கள். அந்தத் திருப்பத்தில் பிள்ளைகள் “ஓ” என்று ஒரு பக்கம் சாய்வார்கள். ஒரு வினாடி அது ஸ்போர்ட்ஸ் கார்தான்.

கூரையை எடுத்ததற்குத் தண்டனையும் உண்டு. கூரைதான் உடம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது என்பது எடுத்த பிறகு தெரிந்தது. பள்ளத்தில் விழுந்தால் கண்ணாடிச் சட்டம் ஆடும், கதவு தானாகத் திறக்கும். ஒரு பெண்ணழைப்பில் இடதுகதவைச் சேலைக்கிழிசலால் உள்ளே இருந்து கட்டிக்கொண்டு போனோம். மழைக்கு, லாரித் தார்ப்பாய் தைக்கிற தையல்காரரிடம் ஒரு கேன்வாஸ் தைத்து டிக்கியில் வைத்திருந்தோம். ஐப்பசிக் கல்யாணங்களில் அதை விரிப்பதற்குள் மாப்பிள்ளை நனைந்துவிடுவார். ஆனி, ஆவணியில் சாரல் வேறு மாதிரி: மேற்கே அம்பையைத் தாண்டினால் வெயிலும் தூறலும் மாறி மாறி அடிக்கும், விரிக்கவும் முடியாது மடக்கவும் முடியாது. வருஷா வருஷம் எஃப்.சி.க்குப் போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் ஆர்.சி. புத்தகத்தைப் பார்ப்பார், வண்டியைப் பார்ப்பார். புத்தகத்தில் கூரை உண்டு. அதனால் முதல் நாளே கூரையைத் தூக்கி வைத்து போல்ட் முடுக்கி, காட்டிவிட்டு வந்து கழற்றுவோம். 1988-ல் வந்த மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவில் வண்டியின் உருவை மாற்றுவதை இன்னும் இறுக்கிப் பிடித்தது. தப்பு எங்கள் பேரில்தான், ஒத்துக்கொள்கிறேன்.

எஞ்சின் சங்கதிகளை நான் சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவேன். சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. புக்கிங் கேட்டு யார் வந்தாலும் அப்பாவின் முதல் கேள்வி தேதி இல்லை, தூரம் இல்லை. “எந்தத் தெரு வழியா அண்ணாச்சி?”

இந்த ஜில்லாவில் ஊர்வலம் என்பது வெறும் ஊர்வலமாக இருந்ததில்லை. அன்றைய திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த கழுகுமலையில், தேர் ஓடும் வீதிகளில் நாடார்கள் பல்லக்கோடும் மேளத்தோடும் போகலாமா கூடாதா என்று எட்டயபுரம் ஜமீனோடு வருஷக்கணக்கில் வழக்கு நடந்தது. 1895 பங்குனித் தேரின்போது அது கலவரமாக வெடித்துக் கொலையில் முடிந்தது. பல்லக்கு போய் சாரட்டு வந்தது, சாரட்டு போய் பிளசர் வந்தது. கேள்வி மட்டும் மாறவில்லை. உயரத்தில் உட்கார்ந்து, விளக்கு வெளிச்சத்தில், எவன் எந்தத் தெருவில் போவது? கூரையுள்ள காரில் யார் போனாலும் யாரும் கேட்பதில்லை. டாப்பைக் கழற்றினால்தான் கேள்வி வரும்.

எழுபதுகளின் நடுவில், ஆற்றுக்குத் தெற்கே ஒரு ஊர். பெயர் வேண்டாம். மாப்பிள்ளை ஊர்க் கோடித் தெருப் பையன், பள்ளிக்கூட வாத்தியார் வேலை கிடைத்திருந்தது. பெரிய தெரு முக்கில் பத்துப் பேர் நின்றார்கள். கூச்சல் ஒன்றும் இல்லை. ஒருவர் அப்பாவிடம் மரியாதையாகவே சொன்னார்: “கார் போட்டும் அண்ணாச்சி. மாப்பிள்ளை எறங்கி நடந்து வரட்டும்.” அப்பா எஞ்சினை அணைத்தார். கால்மணி நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த வாத்தியார் தானே இறங்கினார். மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தெருவோரமாக நடந்தார். காலி வண்டியை அவர் பக்கத்திலேயே அப்பா உருட்டிக்கொண்டு போனார், விளக்குகள் எரிந்துகொண்டே. வாடகையில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். வாத்தியார் வாங்கவில்லை. அந்தப் பத்துப் பேர்மேல் எனக்குக் கோபம் உண்டு, அது பொதுக்கோபம். அப்பாமேல் உள்ள கோபம் வேறு. அவர் எஞ்சினை அணைத்திருக்கக் கூடாது.

திரும்பி வரும் பயணங்களுக்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருந்தேன் என்று நினைக்கிறேன். கல்லிடையில் எல்லாம் முடிந்து ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்புவோம். வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி. ஒரு பக்கம் கன்னடியன் கால்வாய், அதைத் தாண்டி வயல். பிசானம் கதிர் வாங்கும் தை மாதத்தில் பால் பிடித்த நெல்லுக்கு ஒரு வாசனை உண்டு. மூடிய காரில் போகிறவனுக்கு அது தெரியவே தெரியாது. தவளைச் சத்தம் கிட்ட வந்து, கடந்து போய், அடுத்த வயலில் மறுபடி பிடித்துக்கொள்ளும். பத்தமடை வந்ததும் அப்பா இடம் மாறிக்கொண்டு ஸ்டியரிங்கை எனக்குத் தருவார். நாற்பது மைல் வேகத்தில் விடுவேன். ரேடியேட்டர் முள் இறங்கும். ஒட்டியிருந்த கனகாம்பரம் ஒவ்வொன்றாகப் பறந்து பின்னால் போகும். மேலப்பாளையம் தாண்டி, கொக்கிரகுளத்தில் ஆற்றுப் பாலம். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் கைக்காசைப் போட்டுக் கட்டி 1843-ல் திறந்த பாலம். அதன்மேல் ஏறியதும் காற்று சட்டென்று குளிரும். அப்பா அப்போது மட்டும் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொள்வார். பிளசர் என்று பெயர் வைத்தவன் அந்த ஒரு நிமிஷத்தைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

1973-க்குப் பிறகு பெட்ரோல் விலை எகிறியது. எழுபதுகளின் முடிவில் வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் கார் செய்வதே நின்றுபோய், சாமானுக்குப் புதுப்பேட்டையே கதி என்றானது. அப்பா 1984-ல் போய்விட்டார். நான் எட்டு வருஷம் ஓட்டினேன். 1992 நவம்பர் 13 வெள்ளத்தில் ஆறு சிந்துபூந்துறைக்குள் வந்தது. ஷெட்டில் நின்ற வண்டி மூழ்கி, வண்டல் மண் எஞ்சின் வரை புகுந்தது. ஊர்வலத்துக்கு ஊர்வலம் குடத்தில் மொண்டு ஊற்றிய அதே தண்ணீர். எஞ்சினை மணல் அள்ளும் மோட்டாருக்கு ஒருவர் வாங்கிப் போனார். கூரை மட்டும் மாடியில் கவிழ்த்து வைத்திருந்ததால் தப்பியது. அதன் கீழே இப்போது விறகு இருக்கிறது.

இப்போதும் ஓப்பன் கார் வாடகைக்குக் கிடைக்கிறது. ஜீப் சேஸிஸில் தகரம் வளைத்து, பழைய காலத்துக் கார் மாதிரி முகம் வைத்து, வெள்ளை பெயிண்ட் அடித்தது. சாரட்டும் திரும்பி வந்துவிட்டது, எல்.இ.டி. விளக்கோடு. நான் குறை சொல்லவில்லை. டீசல் எஞ்சின், மின்விசிறி, கொதிப்பதில்லை.

எங்களிடம் அப்பா அந்த வண்டியில் இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. ஸ்டூடியோக்காரர் மாப்பிள்ளையைத்தான் எடுப்பார். டிரைவர் வரும் பாதியை வெட்டிவிட்டுத்தான் ஆல்பத்தில் ஒட்டுவார்கள். நெல்லை, அம்பை, கல்லிடைப் பக்கத்தில் 1971-க்கும் 1984-க்கும் இடையில் கல்யாணம் நடந்த வீடாக இருந்தால், பழைய ஆல்பத்தை ஒரு தடவை இறக்கிப் பாருங்கள். வெளிர்மஞ்சள் ஹெரால்ட், இரண்டு கதவு. ஸ்டியரிங்கில் தலைத்துண்டு கட்டிய ஒருவர், வலது தோள் கொஞ்சம் பெருத்தவர், முகம் வெட்டுப்படாமல் இருந்தால், அந்தப் படத்துக்கு ஒரு பிரதி எடுத்து வைத்திருங்கள்.